பக்கத்துச் சீட்டின் பாரம்

பிக்கப் வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்தி இறக்கப் போகிறேன் என்று சொன்னபோது, இத்தாலியின் பலெர்மோவில் எனக்குத் தெரிந்த எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் என்றால் இப்போது மூன்று நான்கு பேர்தான். மற்றவர்கள் லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். தலை நரைத்த பிறகு இளந்தாரி வேலை பார்க்கிறேன் என்றார்கள். இந்த ஊரில் முன்பக்கம் தாழ்ந்த பழைய வண்டி வைத்திருப்பவன், மொண்டெல்லோ கடற்கரையில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகிற பொடியனாகத்தான் இருப்பான். நான் பாட்டுப் போடுவதில்லை. என் மனைவி சிரமமில்லாமல் ஏற வேண்டும் என்பதற்காக இறக்கினேன். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பார்கள்.

அது அமெரிக்காவில் செய்த பழைய பிக்கப். வயதில் எனக்குக் கொஞ்சம் இளையது, உடம்பில் என்னைவிட நல்ல நிலை. மொண்டெல்லோவில் நான் இருபது வருடத்துக்கு மேல் வீட்டு வேலை செய்த எசமானி சிஞ்ஞோராவின் கணவர் அதைக் கப்பலில் எடுப்பித்தார். ஆசைப்பட்டது அவர், ஓட்டினது நான். தோட்டத்துக் குப்பை, கடற்கரைக் கதிரைகள், ஒருமுறை ஒரு பியானோ எல்லாம் அதில்தான் போய் வந்தன. அவர் இறந்த பிறகு சிஞ்ஞோரா மிலானோவில் இருக்கும் மகனிடம் போக முடிவெடுத்தார். வீடு விலைப்பட்டது. தளபாடங்களைச் சொந்தக்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள். பிக்கப்பை மட்டும் யாரும் கேட்கவில்லை. சிஞ்ஞோரா சாவியை என் கையில் வைத்து, இது உன் சொல்லைத்தான் கேட்கும், நீயே வைத்துக்கொள் என்றார். எனக்கு அழுகை வந்தது. வேலை போகிற கவலையில் அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். அதுவும்தான்.

யாழ்ப்பாணத்தில் நான் கராஜில் மெக்கானிக்காக நின்றவன். பெற்றோல் வராத காலத்தில், காபரேட்டருக்கு ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஏமாற்றி மண்ணெண்ணெயில் கார்களை ஓடவைத்த கை இது. இத்தாலிக்கு வந்தபோது இந்தக் கையிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டுகிற தும்புத்தடியைத் தந்தார்கள். அதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை, வயிறு நிறைந்தது. ஆனால் பிக்கப் சொந்தமான பிறகு வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் போவதற்கு ஓர் இடம் கிடைத்தது. சிஞ்ஞோரா போன பிறகும் வேறு வீடுகளில் எனக்கு அதே வேலைதான், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இங்கே அந்த இரண்டு பொழுதும்தான் ஓய்வு. மொண்டெல்லோ போகிற வழியில், மலையடியில், ஒரு மகசீனோவை வாடகைக்கு எடுத்தேன். ஜன்னல் இல்லாத, இரும்புக் கதவு போட்ட நிலத்தளத்து அறை. அடுத்த கதவில் மூன்று சில்லு வண்டிகள் திருத்துகிற சிசிலிக்காரர் ஒருவர் இருந்தார். நான் குடியிருக்கிற வீட்டைவிட அங்கேதான் மனிதக் குரல் கேட்கும்.

பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்து போயிருந்தது. அதற்குக் காரணம் எங்கள் ஆட்கள். இத்தாலியக் கடவுச்சீட்டுக் கிடைத்ததும் ஒவ்வொரு குடும்பமாக லண்டனுக்குப் போகத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பு வேண்டும் என்றார்கள். ஃபிரிட்ஜ், கட்டில், தையல் மெஷின் என்று எதை ஏற்றி இறக்குவதென்றாலும் கூப்பிடுவது என்னைத்தான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில்நிலையத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் நான் பிக்கப்பை நிறுத்தாத வாசல் இல்லை. நீங்கள் எப்போது அண்ணை என்று எல்லாரும் கேட்டார்கள். அடுத்த வருடம் என்று எல்லாருக்கும் சொன்னேன். அந்தப் பாரங்களில் பின்பக்கத்து வில்லுத் தகடுகள் தளர்ந்து, வண்டி குந்தியிருந்து மூக்கை வானத்துக்கு நீட்டியது. எங்கள் வெள்ளிக்கிழமைக் கோயிலில் முன்பெல்லாம் நிற்க இடம் பிடிக்க வேண்டும். இப்போது ஐயர் தீபத்தைக் காட்டினால் நேராக எனக்குத்தான் காட்டுகிறார்.

என் மனைவியும் மகளும் லண்டனுக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. முதலில் அவர்கள், பிறகு நான் என்பதுதான் பேச்சு. அப்போது சிஞ்ஞோராவின் கணவர் படுக்கையில் கிடந்தார், விட்டுப் போக மனம் வரவில்லை. பிறகு இங்கிலாந்து ஐரோப்பாவைவிட்டு விலகி அங்கே சட்டம் மாறியது, போகிற வழி குறுகியது. ஆனாலும் அடைபடவில்லை, எழுதிப் போட்டால் கிடைக்கும் என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஒருமுறை போய் மூன்று கிழமை இருந்து பார்த்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போவார்கள். மனைவி ஒரு பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போவாள். நான் கம்பளம் விரித்த முன்னறையில் இருந்து மழையைப் பார்ப்பேன். கதவுமணி அடித்தால் திறக்கவும் பயம், திறக்காமல் விடவும் பயம். வீட்டில் ஒரு மூலையில் வைத்துத் துடைக்கிற சாமானாகிவிடுவேன் என்று தோன்றியது. திரும்பி வந்து பலெர்மோ விமானநிலையத்தில் இறங்கியதும் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

ஆகவே நான் விரும்பியது ஒன்றுதான். அவள் திரும்பி வர வேண்டும். மகளுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. இனி நாங்கள் இரண்டு பேரும் இந்தக் கடலோரமாகவே கிடந்துவிடலாம் என்று நினைத்தேன். வெய்யில் இருக்கிறது, மீன் இருக்கிறது, எங்கள் வாய்க்குப் பழகிய மரக்கறி பல்லரோ சந்தையில் கிடைக்கிறது. வேறு என்ன வேண்டும் என்று தொலைபேசியில் கேட்பேன். அவள் ம் என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடையில் வந்தாள். விமானநிலைய வாசலில் பிக்கப்பை நிறுத்திக் கதவைத் திறந்தேன். அவளுக்கு முழங்கால் வருத்தம் என்பது தெரியும். ஆனால் எவ்வளவு என்று தெரியாது. தொலைபேசியில் முகம்தான் தெரியும், முழங்கால் தெரியாது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள். கால் வைத்து ஏறுகிற பலகை அவளுக்கு எட்டவில்லை. மறுபடியும் தூக்கினாள். பின்னால் நின்ற டாக்சிக்காரர் ஹோர்ன் அடித்தார். நான் கீழே நின்று தள்ளி ஏற்றினேன், ஏற்றும்போது சிரித்தும்விட்டேன். வீடு வரும்வரை அவள் கதவுப் பிடியை விடவில்லை. இறங்குவதற்குச் சந்தையில் தக்காளி வருகிற மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் கோயிலுக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். அதன் பிறகு அந்த வண்டியில் ஏறவே இல்லை. போகிற அன்று, திரும்பி வந்து என்னோடு இரும் என்று கேட்டேன். வாசலில் நின்ற பிக்கப்பைப் பார்த்தபடி ஒரு பதில் சொன்னாள்.

“உதிலை ஏறி இறங்கி, உந்த நாலு மாடிப் படியும் ஏறி இறங்கி, இனி இஞ்சை என்னாலை சீவிக்கேலாதப்பா.”

எந்த மனிதனுக்கும் இது விளங்கியிருக்கும். ஆனால் மெக்கானிக்கிடம் ஒரு குறையைச் சொன்னால் அவன் தலையில் ஏறுவது திருத்தக்கூடிய குறை மட்டும்தான். படிக்கு வழி செய்தேன். நிலத்தளத்தில் சின்ன வீடொன்று பார்த்து மாறினேன். பிறகு பிக்கப்புக்கு வந்தேன். முன்பக்கத்தில் ஒரு சாண் இறக்க முடியாது, நாலு விரல் இறக்கலாம். நாலு விரல் இறக்கி, பழைய சீட்டின் பஞ்சையும் குறைத்தால் அவள் கால் பலகைக்கு எட்டும். அவள் நின்ற நிலையும், தூக்கிய காலின் உயரமும் எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருந்தன.

கட்டையான ஸ்பிரிங்குகளை வெளியூரில் இருந்து எடுப்பித்தேன். அதற்குரிய அனுமதிக் காகிதங்களுக்காக அலைந்த கதை வேண்டாம். அதைச் சொன்னால் இந்தக் கதை முடியாது. மாரியில் வேலையைத் தொடங்கினேன். அடுத்த கதவுச் சிசிலிக்காரர் உதவிக்கு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் அதை மதித்து, பிறகு கேட்கவில்லை. அவ்வளவு மதித்திருக்கத் தேவையில்லை.

உண்மையில் இது இரண்டு பேர் செய்கிற வேலை. முன்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங் ஒன்று வண்டியின் பாரத்தையெல்லாம் தாங்கி நசுங்கி இருக்கிறது. சில்லைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கீழ்க் கையை வண்டி தூக்கும் ஜக்கில் தாங்கி, மூட்டு இணைப்பை விடுவித்து, ஜக்கை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அப்போது ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விடும். அவசரப்பட்டால் துள்ளி வெளியே வரும். ஆளின் தலையைக் கொண்டு போகிற வேகத்தில் வரும். அதனால் ஸ்பிரிங்குக்குள்ளால் சங்கிலியைக் கொளுவி வைப்போம். ஒருவர் ஜக்கில் நிற்பார், மற்றவர் ஸ்பிரிங்கைப் பார்த்துக் குரல் கொடுப்பார். யாழ்ப்பாணத்துக் கராஜில் அந்தக் குரலுக்கு ஒரு தாளமே இருந்தது. மகசீனோவில் ஜக்கிலும் நான்தான், ஸ்பிரிங்கைப் பார்த்ததும் நான்தான்.

சங்கிலியைக் கொளுவிய பிறகு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். இது துள்ளினால் என்னை எப்போது கண்டுபிடிப்பார்கள் என்று யோசித்தேன். அடுத்த கதவுக்காரருக்கு அன்று விடுமுறை. மனைவிக்கு அழைப்பு எடுத்து, சத்தத்தைக் கூட்டி, தொலைபேசியை மட்காட்டின் மேல் வைத்தேன். ஸ்பிரிங் கழற்றுகிறேன் என்று சொல்லவில்லை. சும்மா எடுத்தேன் என்றேன். என்ன சமைத்தீர் என்று கேட்டேன். அவள் ரசம் என்றாள். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. தடிமன், மூக்கடைப்பு என்றாள். அவள் மகளின் வீட்டுக் கதையைச் சொல்லச் சொல்ல நான் ஜக்கை இறக்கினேன். இரும்பு முனகியது.

“அங்கை என்ன சத்தம்?”

“ஒண்டுமில்லை, கதவு” என்றேன். அவளுடைய பக்கத்திலும் ஏதோ சின்னச் சில்லுகள் உருளுகிற சத்தமும், ஒரு பெண் இங்கிலீஷில் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. அது என்ன என்று நானும் கேட்டேன்.

“ஒண்டுமில்லை, ரீவி” என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, “கோடைக்கு முதல் ஒருக்கா வந்து உங்களைப் பாக்கவேணும் போலை கிடக்கு” என்றாள்.

கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவள் தானாக அப்படிச் சொன்னதில்லை. ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்து சங்கிலியில் தொங்கியது. நான் நிலத்தில் இருந்துவிட்டேன். சந்தோசத்தில்தான்.

அதற்குப் பிறகு வேலை சுகமாகப் போனது. கட்டை ஸ்பிரிங்குகள் ஏறின. மிஞ்சியது மட்டம் பார்ப்பது. முன் கைகளைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களின் ஆணிகளை, சில்லுகள் நிலத்தில் ஊன்றி, சீட்டில் பாரம் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும். சீட்டில் நானே இருந்துகொண்டு வண்டிக்குக் கீழேயும் படுக்க முடியாது. ஆகவே பல்லரோவில் எங்கள் ஆட்களின் கடைக்குப் போய் இருபது கிலோ அரிசி மூட்டைகள் வாங்கினேன். எனக்கு நாலு. அவளுக்கு மூன்றும், மேலே ஒரு சின்னப் பை கோதுமை மாவும். முந்திய வரவில் மருந்துக்கடைத் தராசில் அவள் ஏறியபோது எட்டிப் பார்த்து ஏச்சு வாங்கியிருந்தேன், அதனால் எடை தெரியும். கடைக்காரர் வன்னிப் பக்கத்துப் பொடியன். கோயிலில் அன்னதானமோ என்று கேட்டான். ஓம் என்றேன்.

மூட்டைகளை இரண்டு சீட்டிலும் நிமிர்த்தி இருத்தினேன். அவளுடைய மூட்டைகளுக்கு பெல்ட்டும் போட்டேன். வண்டி பிரேக் போட்டால் சரியும் என்பதற்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வண்டி நிற்கிறதோ, ஓடுகிறதோ? நின்றுகொண்டுதான் இருந்தது. மேசன்மார் வைக்கிற ரசமட்டத்தில் சின்னதொன்றை வாங்கி, முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினேன். உள்ளே இருக்கும் குமிழ் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் உயரம். இரண்டு பேருடைய பாரமும் இருக்கும்போது, வண்டியின் பழைய சாய்வால், அவளுடைய பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு தடித்த ரப்பர் வளையத்தைப் போட்டு உயர்த்தினேன். குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. அப்போதுதான் ஆணிகளை இறுக்கினேன்.

சிசிலிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். சீட்டில் இருந்த அரிசியைப் பார்த்து, இந்த அம்மா எங்கே போகிறா என்று கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, ஒரு விஷயம் சொன்னார். யார் எப்போதும் வண்டியில் இருப்பாரோ அவருக்குத்தான் மட்டம் பார்ப்பது, ஓட்டுகிற ஆளுக்கு மட்டும் பார், பக்கத்தில் இருக்கிற ஆள் இன்றைக்கு இருப்பார் நாளைக்கு இருக்க மாட்டார் என்றார். அவர் சொன்னது தொழில் தெரிந்த பேச்சு. எனக்கும் தெரியாதது இல்லை. எப்போதும் இருப்பா என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மூட்டைகளை இறக்கிவிட்டு, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை வெளியே எடுத்தேன். இங்கத்து எலுமிச்சை எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு. நசுங்கிய மணம் தெரு முழுவதும் அடித்தது. சலாதுக்கு ஆகிற பழத்தை டயருக்குக் கொடுக்கிறாயே என்று சிசிலிக்காரர் தலையில் கை வைத்தார். தனியாக ஓட்டியபோது குமிழ் அவளுடைய பக்கம் ஓடி நின்றது. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆள் வரும் என்று இடம் பிடித்து வைத்திருப்பது போலத்தான் இருந்தது.

எனக்கென்று வைத்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தேன். அவளுடைய மூட்டைகளைத் தொடவில்லை. அவை மகசீனோவின் மூலையில் ஒரு பலகையில் இருந்தன.

வைகாசியில் வந்தாள். விமானநிலையக் கதவால் பெரிய சுவெட்டரோடு வெளியே வந்தாள். நல்ல வெய்யில், சுவெட்டர் எதற்கு என்றேன். விமானத்தில் குளிர் என்றாள். பிக்கப்பின் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். கை கொடுக்கவில்லை. அவள் ஒரு காலைத் தூக்கிப் பலகையில் வைத்தாள், ஏறினாள், இருந்தாள், கைப்பையை மடியில் வைத்தாள். அவ்வளவுதான். நாலு விரல், ஒரு மாரி முழுவதும், குனிந்து குனிந்து வந்த என் நாரி வலி எல்லாம் அந்த ஓரடியில் முடிந்துவிட்டது. அவள் கவனிக்கவே இல்லை. வேலை சுத்தமாக இருந்தால் அப்படித்தான், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. கடலை ஒட்டிய பெருந்தெருவில் வரும்போது மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குப் போக முதல் மகசீனோவுக்குப் போனேன். அவளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்றிருந்தது. உள்ளே கொண்டுபோய், மட்டம் பார்த்த அதே இடத்தில் நிறுத்தினேன். நிலம் அதே நிலம். இடப்பக்கத்தில் நான், வலப்பக்கத்தில் அவள். பெருமையோடு ரசமட்டத்தைப் பார்த்தேன். குமிழ் நடுவுக்கு வரவில்லை. அவளுடைய பக்கத்துக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ரப்பர் இறுகிவிட்டதோ, ஆணி இளகிவிட்டதோ என்று மனம் இயந்திரத்துக்குள் ஓடியது. அவள் மூலையில் இருந்த மூட்டைகளைக் கண்டுவிட்டாள்.

எதற்கு இவ்வளவு அரிசி என்று கேட்டாள். சொன்னேன். நாலு விரல் இறக்கியதை, சீட்டில் மூட்டைகளை இருத்தியதை, பெல்ட் போட்டதைக்கூடச் சொன்னேன். அந்த மூன்று மூட்டையும் மாவுப் பையும் நீர்தான், உம்முடைய எடை என்றேன். அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சுவெட்டரை இழுத்துச் சரிசெய்துகொண்டு மூட்டைகளைப் பார்த்தாள்.

“நான் இப்ப அவ்வளவு இல்லையப்பா” என்றாள்.

அவளுக்கு மாரியில் வயிற்றில் ஒப்பரேஷன் நடந்திருந்தது. கட்டி ஒன்றை எடுத்தார்களாம். பயப்படுகிற கட்டி இல்லை என்று பிறகு சொல்லிவிட்டார்களாம். அது தெரியும்வரை ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஒரு நாள்தான் நான் அழைப்பு எடுத்து என்ன சமைத்தீர் என்று கேட்டிருக்கிறேன். ரசம் என்று சொன்னது பக்கத்துக் கட்டிலுக்கு மருந்துத் தள்ளுவண்டி வந்த நேரம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் எனக்கு உயர்ந்துவிட்டது.

“சொன்னா என்ன செய்திருப்பியள்? வந்து அந்த முன்னறையிலை இருந்து மழையைப் பாத்திருப்பியள்.”

அதில் ஏளனம் இல்லை. என்னை நன்றாகத் தெரிந்த குரல். நானும் அன்றைக்கு ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்ததைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள், காயம் இன்னும் இருக்கிறதோ என்பது போல. அன்றைக்குக் காயம் ஒன்றும் படவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வண்டியைவிட்டு இறங்காமலே இருந்தோம். பிறகு அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நான் இனி இஞ்சை வந்து இருக்கமாட்டன். வண்டியாலை இல்லை. டொக்டர் அங்கை, பிள்ளை அங்கை. ஏலாமல் வரேக்கை ஒராள் பக்கத்திலை நிக்கிறதுக்கு நான் பழகிட்டன்.”

நான் அங்கே வரட்டுமா என்று கேட்டேன். வந்தால் சந்தோசம் என்றாள். ஆனால் நீங்கள் வரமாட்டீர்கள், வந்தாலும் இருக்கமாட்டீர்கள், அதை உங்கள் பிழையாக நான் எடுக்கவில்லை என்றாள். அந்த முன்னறையில் என்னால் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்பதும் அந்த நேரமே தெரிந்தது. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருந்தன. இரண்டில் ஒன்று பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு சுகம் என்று நினைத்தேன்.

ஒரு கிழமை நின்றாள். தன்னுடைய மூட்டையை உடைத்து அவளே சோறு ஆக்கினாள். தன்னையே அவித்துப் போடுகிறேன் என்று பகிடி விட்டாள். பிக்கப்பில் மொண்டெல்லோவுக்கும், கோயிலுக்கும், சாந்தா ரொசாலியாவின் மலைக்கும் போனோம். ஒவ்வொரு முறையும் சுகமாக ஏறினாள், சுகமாக இறங்கினாள். கடைசி நாள் விமானநிலையத்தில் இறங்கும்போது பலகையில் கால் வைத்து ஒரு நொடி நின்று, கதவில் தட்டி, நல்லாச் செய்திருக்கிறீர்கள் என்றாள். நான் தலையாட்டினேன்.

அவள் போன பிறகு ஒரு மூட்டை அரிசியைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வண்டி நேராக ஓடட்டும் என்பதற்காக என்றேன். சிசிலிக்காரர் ஒவ்வொரு நாளும் அந்த மூட்டைக்கு வணக்கம் சொன்னார். ஒரு மூட்டை போதாது. தனி ஆளோடு ஓடி ஓடி வண்டி இடப்பக்கம் இழுத்தது, இடது முன் டயரின் ஓரம் தேய்ந்தது. டயர்க்கடைக்காரர் விரலால் தடவிக் காட்டி, வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, பார்த்துச் செய் என்றார். மூன்று வியாழக்கிழமை மகசீனோவுக்குப் போய், ஜக்கை எடுத்து வெளியே வைத்து, மறுபடியும் உள்ளே வைத்துவிட்டு வந்தேன். நாலாவது வியாழன் சில்லைக் கழற்றினேன்.

சங்கிலியைக் கொளுவினேன். தொலைபேசியை எடுத்தேன். இந்தமுறை உண்மையைச் சொன்னேன். ஸ்பிரிங்கை இறக்கப் போறன், தனிய நிக்கிறன், கொஞ்ச நேரம் லைனிலை நில்லும் என்றேன்.

“சங்கிலி போட்டனீங்களோ?” என்று கேட்டாள். இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நான் மகசீனோவில் வைத்து ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

“ஓம்.”

“அப்ப மெல்ல இறக்குங்கோ.”

மெல்ல இறக்கினேன். அவள் வேறு கதை கதைக்கவில்லை. இடைக்கிடை ம் என்றாள், தான் லைனில் இருப்பதைக் காட்டுவதற்காக. அவளுடைய பக்கத்து ரப்பர் வளையத்தை எடுத்தேன். ஸ்பிரிங்கைத் திரும்ப ஏற்றி, சில்லை மாட்டி, வண்டியை நிலத்தில் விட்டேன். நான் இருந்து ஓட்டுகிற சீட்டில் மட்டும் நாலு புது மூட்டைகளை இருத்தி, வண்டியைப் பிடித்து நாலு தரம் அமுக்கி விட்டு, ஆணிகளை இறுக்கினேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அவள் லைனை வைக்கவில்லை.

எழுந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. என் கையால் செய்த வேலைகளில் இதைவிடத் துல்லியமானது எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

“இப்ப எப்பிடி நிக்குது?” என்று கேட்டாள்.

“நேரா நிக்குது.”

“ஒராளுக்கோ?”

“ஓம்” என்றேன். “ஒராளுக்கு.”